தைரியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: மலையில் வளரும் இளைஞர்களுக்கு ஒரு சிபிடி வழிகாட்டி

கீழே போய் இன்டர்வியூ கொடுக்க வேண்டும் என்றாலே எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முந்தின நாள் ராத்திரியே வயிறு கலங்கிவிடும். ‘கீழே’ என்றால் எங்களுக்குக் கோயம்புத்தூர். விடியற்காலை பஸ் பிடித்து, பனியில் பர்லியார் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் பாதிப் பேர் மனதுக்குள் தோற்றுவிடுகிறார்கள். மதிப்பெண் இருக்கும், வேலையும் தெரியும். ‘அங்க எல்லாரும் பெரிய காலேஜ், நாம என்னத்தப் பேசுறது’ என்ற ஒரே வரி அத்தனையையும் அமுக்கிவிடும்.

நான் குன்னூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். மருத்துவரோ உளவியலாளரோ இல்லை. ஆனால் சிபிடி என்ற இந்த மனநலச் சிகிச்சைக்குப் போய் உட்கார்ந்தவள். கல்லூரி முதல் வருடம் ஒரு செமினாரில் பாதியில் எனக்குக் குரல் நின்றுபோனது. எல்லார் முன்னாலும் ஆசிரியர், “எஸ்டேட் ஸ்கூலா?” என்று கேட்டார். அதற்கப்புறம் இரண்டு வருடம் வகுப்பில் நான் வாய் திறக்கவே இல்லை. கடைசியில் ஒரு உளவியலாளரிடம் போனேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். அந்த நோட்டில் நான் கற்றதைத்தான் இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளோடு செய்து பார்க்கிறேன். அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சிபிடி என்பது எதைச் சொல்கிறது?

தமிழில் இதை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பார்கள். வாயில் நுழைவது சிபிடிதான். 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வோடு வந்தவர்கள் பேசுவதைக் கேட்கும்போது ஒன்றைக் கவனித்தார். அவர்கள் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’, ‘இவருக்கு என்மேல் சலிப்பு’ என்று தானாக வந்துபோகும் சின்னச் சின்ன வரிகள். யாரும் அவற்றை நிறுத்தி உண்மையா என்று கேட்டதில்லை. அந்த வரிகளைப் பிடித்து, சோதித்து, அதற்கேற்ப நடத்தையையும் மாற்றினால் மனநிலை மாறும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை.

நிகழ்ச்சி நம்மை நேராக வந்து தாக்குவதில்லை. நடுவில் ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணம் பயத்தைத் தருகிறது, பயம் உடம்பில் ஏறுகிறது, உடம்பு படபடக்க நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கியதால் அந்த எண்ணம் சரியா தவறா என்று கடைசிவரை தெரியாமலே போகிறது. தன்னம்பிக்கைக் குறைவு பல வருடம் நீடிப்பதற்கு நான் கண்ட முக்கியமான காரணம் இந்தக் கடைசி வரிதான்.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு சம்பவம்

நாற்பது பக்க நோட்டு போதும். போனிலும் எழுதலாம், ஆனால் கையால் எழுதும்போது எண்ணம் கொஞ்சம் நிதானப்படுகிறது. ஒரு வாரத்துக்கு எதையும் மாற்ற முயலாதீர்கள். பின்வாங்கிய ஒவ்வொரு சம்பவத்தையும் ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, என்ன உணர்ச்சி (நூற்றுக்கு எத்தனை), உடம்பில் என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள்.

என்னிடம் படித்த ஒரு பையன், பி.காம். கடைசி வருடம், கோத்தகிரிப் பக்கம். அப்பா ஒன்றரை ஏக்கரில் பச்சைத் தேயிலை பறித்துப் பேக்டரிக்குக் கொடுப்பவர். அவன் எழுதியது இது. திங்கட்கிழமை பதினொரு மணி, தெரியாத எண்ணிலிருந்து போன். மனதில்: ‘இங்கிலீஷ்ல கேப்பாங்க, உளறிடுவேன், அதோட முடிஞ்சது.’ பயம் 80, வெட்கம் 60. நெஞ்சு படபடப்பு, உள்ளங்கையில் வேர்வை. போனை சைலன்ட்டில் போட்டான்.

ஆறாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: அப்புறம் என்ன ஆனது? ‘பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் நாள் முழுக்க என்னையே திட்டிக்கிட்டேன்’ என்று எழுதினான். அந்தப் பத்து நிமிட நிம்மதிதான் நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது. அடுத்த போன் வரும்போது கை இன்னும் சீக்கிரமாக சைலன்ட் பொத்தானுக்குப் போகும்.

இந்தப் பிரிப்பில் புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ‘அவர்கள் என்னை மதிக்கவில்லை என்று உணர்ந்தேன்’ என்று எழுதுவார்கள். அது உணர்ச்சி இல்லை, எண்ணம். உணர்ச்சி பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கும்: பயம், வெட்கம், கோபம், துக்கம். இதைப் பிரிக்கப் பழகினாலே பாதி வேலை நடந்த மாதிரி.

இரண்டாம் படி: எண்ணத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது

ஒரு வாரம் முடிந்ததும் அதிகம் சுட்ட எண்ணம் ஒன்றை எடுங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் அது உண்மை என்பதற்கான ஆதாரம், அந்தப் பக்கம் அப்படி இல்லை என்பதற்கான ஆதாரம். ஆதாரம் என்றால் பக்கத்தில் நிற்கும் இன்னொருவரும் கண்ணால் பார்த்திருக்கக்கூடியது. ‘எனக்கே தெரியும்’ என்பது ஆதாரம் ஆகாது.

அந்தப் பையன் இடது பக்கத்தைச் சீக்கிரம் நிரப்பிவிட்டான். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் மதிப்பெண் குறைவு, கஸ்டமர் கேரில் ஒருமுறை திணறியது. வலது பக்கம் காலி. விடுமுறையில் என்ன செய்வாய் என்று கேட்டேன். “சீசன்ல ஊட்டியில மாமா கடையில நிப்பேன்க்கா. டீத்தூள், தைலம் விப்போம்.” யாருக்கு? “டூரிஸ்ட்டுக்கு. நார்த் இந்தியால இருந்து வர்றவங்கதான் ஜாஸ்தி.” எந்த மொழியில்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “இங்கிலீஷ்தான்... ஆனா அது சும்மா கடைதானேக்கா.”

இரண்டு சீசன் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் ஆங்கிலத்தில் பேரம் பேசி நீலகிரித் தைலம் விற்ற பையன், தனக்கு ஆங்கிலம் பேச வராது என்று முழுமனதாக நம்பிக்கொண்டிருந்தான். நல்லதைத் தள்ளுபடி செய்வது என்று சிபிடியில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. இன்னும் சில சிந்தனைக் கோணல்கள் அடிக்கடி வரும். பிறர் மனதைப் படித்துவிட்டதாக நினைப்பது (‘அவர் என்னைக் கேவலமா நினைக்கிறார்’), ஒன்று முழு வெற்றி, இல்லையேல் முழுத் தோல்வி என்று பார்ப்பது, ஒரு தவறைக் கொண்டு தன்மேல் முத்திரை குத்துவது. தொட்டபெட்டாவை மேகம் மூடிய நாளில் கீழேயிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. 2,637 மீட்டரும் அப்படியேதான் நிற்கிறது. அந்தப் பையனுடைய இரண்டு சீசனும் அப்படித்தான் நின்றது.

அடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு நடுநிலையான வரி எழுத வேண்டும். ‘நான் சூப்பரா பேசுவேன்’ என்று எழுதாதீர்கள், மனம் அதை ஒரு நாளும் நம்பாது. அவன் எழுதியது: ‘தடுமாறலாம். ஆனால் புரியவைக்க முடியும், கடையில் செய்திருக்கிறேன். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம்.’ அதை எவ்வளவு நம்புகிறாய் என்றால், நூற்றுக்கு 55 என்றான். பயம் 80லிருந்து 60க்கு வந்தது. அது போதும். போனை எடுக்கும் அளவுக்கு இறங்கினால் சரி, பூஜ்யம் ஆக வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாக் கசப்பான எண்ணமும் கோணல் இல்லை. ‘எந்த எஸ்டேட், எந்த லைன் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை)’ என்று கேட்டு ஆளை எடைபோடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஒருவர் உங்களிடம் இளக்காரமாகப் பேசியது உண்மை என்றால் அது உண்மைதான். அதை உங்கள் மனதின் தவறு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அந்த இடத்தில் பிரிக்க வேண்டியது வேறு: ‘அவர் என்னை அவமதித்தார்’ என்பது நிகழ்ச்சி. ‘அதனால் நான் மதிப்பில்லாதவள்’ என்பது நாம் சேர்த்த தீர்ப்பு. என் செமினார் கதையில் முதலாவதைச் சொல்ல எனக்குச் சாட்சிகள் நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டாவதற்கு ஒருவரும் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வாரம் பிடித்தது. அதேபோல ஆங்கிலமோ எக்செலோ உண்மையிலேயே தெரியாது என்றால் அதற்கு நோட்டில் வாதாட வேண்டாம், உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: போய்ப் பார்த்துச் சோதிப்பது

பலர் இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறார்கள். நோட்டில் ஜெயித்துவிட்டு வகுப்பில் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். என்னைக் கேட்டால் சிபிடியின் உயிர் இந்த மூன்றாம் படியில்தான் இருக்கிறது. தைரியம் வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வருவதே இல்லை. செய்தபின்தான் வருகிறது.

நடத்தைச் சோதனை என்பது பள்ளியில் செய்த அறிவியல் சோதனை மாதிரிதான். முன்கூட்டியே எழுதுங்கள்: என்ன செய்யப்போகிறேன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு. செய்துவிட்டு வந்து எழுதுங்கள்: உண்மையில் என்ன நடந்தது, என்ன தெரிந்துகொண்டேன்.

என் அக்கா மகளுக்குக் கடையில் பேசுவதே பெரும்பாடு. குரல் நடுங்கும், நடுங்கினால் எரிந்து விழுவார்கள் என்ற பயம். முதல் சோதனை, குன்னூர் பெட்போர்டு பகுதியில் ஒரு மருந்துக் கடைக்குத் தனியாகப் போய் மூன்று கேள்வி கேட்பது. ‘கடைக்காரர் சலித்துக்கொள்வார், 70%’ என்று எழுதிவிட்டுப் போனாள். இரண்டு கேள்விக்குப் பதில் வந்தது, மூன்றாவதற்கு “அது இன்னும் வரலம்மா” என்றாராம். குரல் நடுங்கியதா? நடுங்கியது. அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

இரண்டாவது சோதனை வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பது. ‘எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், 90%’. நடந்தது: இரண்டு பேர் திரும்பினார்கள், யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் “கேட்கலை, திரும்பச் சொல்லு” என்றார். அன்று சாயங்காலம் இவள் அழுதுகொண்டே வந்து, “சித்தி, தோத்துட்டேன்” என்றாள். அப்புறம் என்ன செய்தாய்? “திரும்பச் சொன்னேன்.” அவர்? “பதில் சொன்னாரு.” சோதனையில் எழுதியது நடக்கவில்லை. கூடவே, கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்லலாம் என்பதும் தெரிந்தது. முடிவை எழுதாமல் விட்டிருந்தால் அவள் மனம் இதைத் தோல்விக் கணக்கில்தான் சேர்த்திருக்கும். அதனால் எழுதாத சோதனையைச் செய்யாத சோதனையாகவே நான் எண்ணுகிறேன்.

சோதனையைக் கெடுக்கும் ஒன்று உண்டு. பாதுகாப்புச் செய்கைகள் என்று அதைச் சொல்வார்கள். பேசும்போது வாயைக் கையால் மறைப்பது, போனை நோண்டிக்கொண்டே நிற்பது, சொல்லப்போகும் வாக்கியத்தைப் பத்து முறை மனப்பாடம் செய்வது, தோழியைப் பேச விட்டுப் பின்னால் நிற்பது. இவற்றோடு போனால், ஒன்றும் ஆகவில்லை என்றாலும் மனம் ‘மனப்பாடம் பண்ணினதாலதான் தப்பிச்சேன்’ என்று அதற்குத்தான் பெயர் கொடுக்கும், உங்களுக்குக் கொடுக்காது. எனவே ஒவ்வொரு முறையும் ஒரு செய்கையையாவது விட்டுவிட்டுப் போங்கள்.

கவனம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பயத்தில் இருப்பவர் தன் குரலை, தன் கையை, தன் முகச்சூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை, அதனால் அவர் தலையாட்டியதும் சிரித்ததும் பதிவாவதே இல்லை. அடுத்த முறை பேசும்போது எதிரில் இருப்பவர் என்ன நிறத்தில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்று வந்து எழுத வேண்டும் என வைத்துக்கொள்ளுங்கள். கவனம் தானாக வெளியே போகும்.

போன் கேமராவும் இதற்கு உதவும். மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பார்க்கும் முன், ‘கை எவ்வளவு நடுங்கியிருக்கும், முகம் எவ்வளவு சிவந்திருக்கும்’ என்று மதிப்பெண் போடுங்கள். அப்புறம் வேறு யாரோ பேசுவதைப் பார்ப்பதுபோல் பாருங்கள். உள்ளே உணர்ந்ததில் பாதிகூடப் பெரும்பாலும் வெளியே தெரியாது. சிகிச்சை அறைகளிலும் இந்த வீடியோ முறை பயன்படுகிறது.

நான்காம் படி: பல் தண்டவாளம்

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளத்தில் ஓடும். கல்லாறு தாண்டினால் சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அங்கிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் இருக்கிறது. இன்ஜினின் பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் கவ்விக்கொண்டு ஏறும். மெதுவாகத்தான் வரும், ஆனால் வழுக்காது. பயத்தை ஏறுவதும் அப்படியே.

பயப்படும் செயல்களைப் பட்டியல் போட்டு நூற்றுக்கு மதிப்பெண் கொடுங்கள். போன் எடுக்காத பையனின் பட்டியல்:

தெரியாத எண்ணை எடுத்து “ஹலோ, யாரு?” என்பது: 35
பேங்க்குக்குப் போன் செய்து ஒரு விவரம் கேட்பது: 45
நண்பனோடு ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் மாதிரி இன்டர்வியூ: 50
டியூஷனில் எட்டுப் பேர் முன்னால் ஒரு கணக்கை விளக்குவது: 65
ஊட்டியிலேயே ஒரு சின்ன வேலைக்கு இன்டர்வியூ: 80
கோயம்புத்தூரில் குழு விவாதம்: 95

முப்பது நாற்பதில் தொடங்குங்கள். ஒரு படியை ஒருமுறை செய்துவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். சலிப்புத் தட்டும்வரை, அதாவது மதிப்பெண் பாதியாகும்வரை அதையே செய்யுங்கள். ஒரு படி ஏறவே முடியவில்லை என்றால் படி உயரம் என்று அர்த்தம், அதை இரண்டாக உடையுங்கள். அவன் 45க்கும் 65க்கும் நடுவில் மூன்று வாரம் நின்றான். குழு விவாதத்துக்குப் போக நான்கு மாதம் ஆனது. முதல் இடத்தில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் நான்கு முறை வாய் திறந்ததாக நோட்டில் எழுதியிருந்தான்.

இரவில் செய்யும் ‘போஸ்ட்மார்ட்டம்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். படுத்ததும் பகலில் பேசியதை எல்லாம் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அது ஆராய்ச்சி மாதிரித் தெரியும், ஆனால் தவறுகளை மட்டும்தான் தேடும். நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு மூடிவிடுங்கள். மீதியைக் காலையில் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: அடியில் கிடக்கும் சட்டங்கள்

இரண்டு மூன்று மாதம் நோட்டு எழுதினால் ஒரே மாதிரி எண்ணம் வேறு வேறு உடையில் வருவது தெரியும். அதற்கு அடியில் ஒரு சட்டம் இருக்கும். ‘தப்பு செய்தால் மானம் போய்விடும்.’ ‘பெரியவர்கள் முன்னால் பேசினால் ஆபத்து.’

என்னுடைய சட்டம் இரண்டாவது. என் தாத்தா பாட்டி இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்கள். இங்கே தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டத்தில் வேலை கிடைத்தது. துரை வந்தால் ஒதுங்கி நில், கங்காணியிடம் எதிர்த்துப் பேசாதே, தலையைக் குனிந்து போ என்பது அவர்கள் உயிரோடு இருக்கக் கற்ற பாடம். அன்று அது அவர்களைக் காப்பாற்றியது. அதை அம்மாவுக்குக் கொடுத்தார்கள், அம்மா எனக்குக் கொடுத்தார். கல்லூரி வகுப்பில் அதே சட்டம் என் கழுத்தைப் பிடித்தது. அதை உடைத்து எறியச் சொல்லி என் உளவியலாளர் சொல்லவில்லை. ‘இந்தச் சட்டம் எப்போது, எதற்காக வந்தது? இன்று எந்த இடத்தில் உதவுகிறது, எந்த இடத்தில் தடுக்கிறது?’ என்று கேட்டார். பாட்டிமேல் கோபப்படாமலே அந்தச் சட்டத்தை என்னால் கீழே வைக்க முடிந்தது அந்தக் கேள்வியால்தான். பழைய சட்டத்துக்குப் பதிலாக நான் எழுதியது: ‘மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது எதிர்ப்பு இல்லை.’ புதிய சட்டத்தையும் சோதனை செய்துதான் நம்ப வேண்டும், எழுதி வைத்தால் மட்டும் பழகாது.

இதோடு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தினமும் ஒரு வரி எழுதுங்கள், அன்று நீங்கள் நன்றாகச் செய்த ஒன்று. சின்னது என்று தள்ளக்கூடாது.

எப்போது நோட்டு போதாது?

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், குடியில் போய் நின்றால், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ செத்துவிடவோ தோன்றினால் தனியாக இதைச் செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே ஆளைத் தேடுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேட்டுப் போகலாம். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் இலவச உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தனியாரிடம் போவதானால், அவர் மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிபிடி பொதுவாக வாரம் ஒருமுறை, ஆறு முதல் இருபது அமர்வு வரை போகும். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் வீட்டுப்பாடம் இருக்கும். வெறும் அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பினால் அது சிபிடி இல்லை.

போன் செய்யவே பயமாக இருக்கிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: ‘எனக்கு வயது இத்தனை, நாலு பேர் முன்னால் பேசப் பயமாக இருக்கிறது, யாரிடம் போவது?’ அவர்கள் எடுத்ததும் அதை அப்படியே படியுங்கள். இந்த ஒரு இடத்தில் பார்த்துப் படிப்பது தவறே இல்லை. மீதியை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.